ஒஸ்லோவில் ஆய்வு தொடங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

2002 போர்நிறுத்தம் பற்றிய உமது வரைவைப் படித்தேன். பிரபாகரன் மனதாரச் சமாதானத்துக்கு வந்தாரா, படை திரட்ட அவகாசம் தேடினாரா என்பதிலேயே பாதி வரைவு போய்விட்டது. இங்கே நம்மவர் கூடும் வீடுகளில் விடியவிடிய நடக்கிற வழக்கு அது; தீர்ப்பு வந்ததில்லை. ஒரு தளபதியின் நெஞ்சு நமக்குத் தெரியாது. போரை நிறுத்தக் கேட்டபோது அவர் கையில் என்ன இருந்தது என்பது தெரியும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது, யாழ்ப்பாணம் விழவில்லை. அந்த டிசம்பரில் புலிகள் தாமாகவே போர்நிறுத்தம் அறிவித்து, மாதாமாதம் நீடித்தார்கள். சந்திரிகா அரசு ஏற்கவில்லை. 2001 ஏப்ரல் 24இல் அது முடிந்த கையோடு இராணுவம் ‘தீச்சுவாலை’ நடவடிக்கையைத் தொடங்கி, முகமாலையில் பலத்த இழப்போடு திரும்பியது. எதிரியின் உள்நோக்கத்தை வாசிப்பவருக்கும் ஓர் உள்நோக்கம் உண்டு, அதையும் எழுதும். ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் புலிகளின் தாக்குதல். அந்த ஆண்டு இலங்கைப் பொருளாதாரமே சுருங்கியது. டிசம்பரில் ரணில் வென்றார், புலிகள் மறுபடி போர்நிறுத்தம் அறிவித்தார்கள், இம்முறை கொழும்பும் இணங்கியது.

இனி 2002 பெப்ரவரி உடன்படிக்கையின் பிரிவுகளைப் பாரும். 1.8: தமிழ்த் துணைப்படைக் குழுக்களின் ஆயுதங்களை அரசு 30 நாளுக்குள் களையவேண்டும். 1.13: ஆயுதமில்லாத புலிகள் அரசியல் வேலைக்காக வடகிழக்கில் அரச பகுதிகளுக்குள் வரலாம், முதலில் 50 பேர், பிறகு இன்னும் 100 பேர், 90 நாளில் எல்லோரும். இயக்கம் எதை நாடி வந்தது என்பதற்கு எந்தப் பேட்டியையும்விட இவை நல்ல சாட்சி. 4.4: 14 நாள் அறிவித்தல் கொடுத்துவிட்டு யாரும் விலகலாம். கையெழுத்திடும்போதே இருவரும் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். 2008 ஜனவரியில் மகிந்த அரசு அதன் வழியே வெளியேறியது.

2009 ஏப்ரல் 26இலும் புலிகள் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அப்போது அவர்களிடம் எஞ்சியிருந்தது முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கடற்கரைத் துண்டு. உள்ளே பல்லாயிரம் சனம். கோத்தபாய அதைக் கேலிக்கூத்து என்று தள்ளினார். 2000இல் கேட்டவர்களும் இவர்கள்தான், ஆனால் அன்று கையில் இருந்தது வேறு. இரண்டையும் ஒரே பந்தியில் வைத்து எழுதிவிடாதேயும்.

நடுவராக இருந்த நோர்வேக்காரர் எரிக் சொல்ஹெய்மின் பேட்டிகளைக் கடைசிக்கு வையும். நோர்வேயின் உதவி நிறுவனமான நோராட் அந்தச் சமாதான முயற்சி பற்றி 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கையை அதற்கு முன் படியும். அடுத்த வரைவை 2000 டிசம்பரில் தொடங்கும். 2002 பெப்ரவரியில் தொடங்கினால் நோர்வேக்காரரின் கதைதான் வரும்.

அன்புடன்,
அண்ணா