அமிலப் பின்னோட்டமும் கேளா ஒலியும்

இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதே அமிலப் பின்னோட்டமாகும். நெஞ்செரிச்சல் இதன் முக்கிய அறிகுறி. ஆயினும் அறிகுறியை மட்டுமே கொண்டு முடிவு செய்தல் ஆபத்தானது. இதய நோயின் வலியும் சில வேளைகளில் இவ்வாறே தோன்றும். எனவே ஐயமுள்ள இடங்களில் அளவீடு இன்றியமையாததாகிறது.

மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, 24 மணி நேரம் அமிலத்தன்மையைப் பதிவு செய்வது நிலைபெற்ற முறையாகும். பி.எச். அளவு குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். அது 4-க்குக் கீழிருந்த நேரம், மொத்த நேரத்தில் 6 விழுக்காட்டுக்கு மேற்படின் நோய் உண்டெனவும், 4 விழுக்காட்டுக்குக் குறையின் இயல்பெனவும் கொள்வர். இடைப்பட்டால் மேலும் சான்றுகள் தேவை. இம்முறை துல்லியமானது, ஆனால் நோயாளிக்குச் சங்கடம் தருவது.

கேளா ஒலி முறையில் குழாயும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை, மேல்வயிற்றின் மீது வைக்கும் உணர்கருவி உள்ளே செலுத்துகிறது. திரும்பும் எதிரொலிகள் படமாகின்றன. உணவுக்குழாயின் கீழ்முனையில் திரவம் மேலேறுவதைத் திரையில் காணலாம். குழந்தைகளைப் பரிசோதிக்க இது பயன்பட்டு வருகிறது.

எனினும் இரு வரம்புகளை மறத்தலாகாது. எதிரொலி திரவத்தின் இயக்கத்தைக் காட்டுமேயன்றி அதன் அமிலத்தன்மையைக் காட்டாது. குழந்தை அருந்திய பால் மேலேறினும் அவ்வாறே தெரியும். மேலும், சில நிமிடக் காட்சி ஒரு முழுநாள் பதிவுக்கு ஈடாகாது.

கேளா ஒலிக் கருவி இருப்பதால் அமிலத்தை அளக்கும் கருவி வேண்டியதில்லை என முடிவு செய்வது தவறாகும். முன்னது காண்பதற்கு, பின்னது அளப்பதற்கு. மருத்துவமனைக்குக் கருவி வாங்கத் திட்டமிடுவோர் விலைக்கு முன்னதாக இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும்.