பீட்சா ரொட்டியின் பக்குவம்

பண்டம் ஒன்றேயாயினும் பக்குவம் மாறினால் சுவையும் மாறும் என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். ஒரே அரிசியும் ஒரே உளுந்தும் ஒரு வீட்டில் பஞ்சு போன்ற இட்லியாகின்றன. அடுத்த வீட்டில் கல்லாகிவிடுகின்றன. இன்று நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பீட்சாவுக்கும் இவ்விதி பொருந்தும்.

மகளிர் சுய உதவிக் குழுவினர் சிலர், பீட்சா செய்து விற்பதற்கு மின்சார ஓவன் வாங்கக் கடன் வேண்டும் என்று நம்மிடம் கேட்கின்றனர். அவர்கள் செய்து காட்டும் பீட்சாவில் காய்கறியும் பாலாடைக்கட்டியும் நன்றாகவே அமைகின்றன. ஆனால் அடியிலுள்ள ரொட்டியோ சில வேளை அட்டை போலவும், சில வேளை வேகாத களி போலவும் இருக்கிறது. குறை பெரும்பாலும் அடுப்பில் இல்லை, மாவில்தான் இருக்கிறது. ஆகவே கடன் வாங்குமுன் மாவின் பக்குவத்தை அறிந்துகொள்வது நலம்.

பிறந்த ஊரின் முறை

பீட்சாவுக்குப் புகழ் தேடித் தந்த ஊர் இத்தாலி நாட்டிலுள்ள நேப்பிள்ஸ் நகரம். அந்நகரத்துப் பீட்சா செய்வோரின் கைத்திறனை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பீட்சாவின் செய்முறையை விதியாக வகுத்து வெளியிட்டது.

அவ்விதிப்படி 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1,800 கிராம் கோதுமை மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈரமான ஈஸ்ட் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. சர்க்கரை இல்லை, எண்ணெயும் மாவில் இல்லை. பிசைந்த மாவு 2 மணி நேரம் ஊறுகிறது. பின்னர் 180 முதல் 250 கிராம் எடையுள்ள உருண்டைகளாக்கப்பட்டு, மேலும் 4 முதல் 6 மணி நேரம் புளிக்கிறது. விறகு அடுப்பில் சுமார் 485 டிகிரி வெப்பத்தில் 60 முதல் 90 வினாடிகளுக்குள் வெந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏறத்தாழ இரண்டு கிலோ மாவுக்கு 3 கிராம் ஈஸ்ட்தான். பொருளைக் குறைத்து, காலத்தைக் கூட்டுகிறார்கள். சுவையின் இரகசியம் இதுவே.

காலம் செய்யும் வேலை

கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளுட்டன் என்னும் வலையாகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. வலை அவ்வாயுவைப் பிடித்து வைப்பதால் மாவு உப்புகிறது. இது ஒரு மணி நேரத்திலும் நடைபெறக் கூடியதே. ஈஸ்டை அள்ளிப் போட்டால் மாவு விரைவில் பொங்கும். ஆனால் சுவை வாராது.

மெதுவாகப் புளிக்கும்போது வேறு சில வேலைகளும் நடைபெறுகின்றன. மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அச்சர்க்கரையே ரொட்டி வேகும்போது பொன்னிறம் தருகிறது. மணமும் இலேசான புளிப்பும் தரும் அமிலங்கள் உண்டாகின்றன. குளுட்டன் வலை தளர்ந்து, கையால் விரித்தால் கிழியாமல் இழுபடுகிறது. இரவெல்லாம் புளித்த இட்லி மாவையும் அவசரத்தில் சோடா உப்புச் சேர்த்த மாவையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக்கு ஏற்ற அளவு

மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி லிட்டர், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் கால் தேக்கரண்டியில் பாதி. இது நான்கு ரொட்டிகளுக்குப் போதும். மைதாவில் 100 கிராமைக் குறைத்து, அதற்குப் பதிலாக முழுக் கோதுமை மாவு சேர்த்தால் சத்தும் மணமும் கூடும். தவிடு நீரை உறிஞ்சுமாதலால் அப்போது 15 அல்லது 20 மில்லி லிட்டர் தண்ணீர் கூடுதலாக வேண்டும். கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் குளுட்டன் இல்லை. அம்மாவுகளை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் ரொட்டி உப்பாது.

மாவு கையில் சற்றே ஒட்டும் பதத்தில் இருக்கலாம். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதாவைத் தூவினால் ரொட்டி கெட்டியாகும். பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்திட வேண்டும். நம் ஊர்களின் வெப்பத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும். கோடையில் நேரம் குறையும், மார்கழியில் கூடும். கடிகாரத்தைக் காட்டிலும் மாவின் அளவையே அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் ஈஸ்டைக் கால் தேக்கரண்டியாக்கி, ஒரு மணி நேரம் வெளியில் வைத்தபின் பெட்டிக்குள் 24 முதல் 48 மணி நேரம் வைக்கலாம். அதன் சுவை மேலும் சிறப்பானது. சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னர் வெளியே எடுத்து உருண்டை பிடித்து வைப்பது அவசியம்.

விரித்தலும் சுடுதலும்

பூரிக்கட்டையால் தேய்த்தல் கூடாது. பல மணி நேரம் காத்திருந்து சேர்த்த வாயு அதனால் வெளியேறிவிடும். விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தி, ஓரத்தைத் தொடாமல் விரித்திட வேண்டும். விரித்த மாவு மீண்டும் சுருங்கினால் கால் மணி நேரம் மூடி வைத்துப் பின்னர் விரித்தால் இணங்கும்.

வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரி வரையே சூடாகும். எனவே கனமான இரும்புத் தட்டு ஒன்றை முக்கால் மணி நேரம் உள்ளே வைத்து நன்கு காய்ந்தபின் அதன்மீது ரொட்டியை இடுவது நலம்.

ஓவன் இல்லாதோர் கவலையுற வேண்டா. கனமான இரும்புத் தோசைக்கல் போதும். கல்லை நன்றாகக் காயவைத்து, விரித்த மாவை இட்டு மூடினால், இரண்டு நிமிடத்தில் மேலே கொப்புளங்கள் எழும், அடிப்பாகம் சிவக்கும். அதைத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின்மேல் தக்காளிச் சாற்றையும் பாலாடைக்கட்டியையும் அளவாகப் பரப்பி, தீயைக் குறைத்து மூன்று அல்லது நான்கு நிமிடம் மூடிவைத்தால் பீட்சா ஆயத்தம். சாறு நீர்த்திருந்தாலோ காய்கறிகள் மிகுந்தாலோ ரொட்டி ஊறிக் குழைந்துவிடும்.

குறையும் காரணமும்

ரொட்டி வெளிறியிருந்தால் மாவு போதிய நேரம் புளிக்கவில்லை, அல்லது கல் காயவில்லை என்று அறியலாம். கெட்டியாக இருந்தால் தண்ணீர் குறைவு. கடும் புளிப்பு வாடை வீசி, மாவு தொய்ந்து கிழிந்தால் அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மாவின் அளவு, வைத்த நேரம், அன்றைய வெயில் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருதல் மிகவும் பயன் தரும்.

குழுக்களுக்கு ஒரு வார்த்தை

விற்பனைக்காகச் செய்வோர் முதலில் தோசைக்கல்லில் தொடர்ந்து சில வாரம் பழகி, ஒரே தரமான ரொட்டி கைவரப் பெற வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுதலும் வேண்டும். அதன்பின் வாடிக்கை பெருகி, கல் போதாத நிலை வரும்போது ஓவனுக்குக் கடன் கேட்டால், அக்கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். பக்குவம் அறியாத கையில் ஓவன் வந்தால் வட்டி மட்டுமே வளரும். ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் ஊர்க் குழுக்களுக்கு இதனை எடுத்துரைத்து, கடன் மனுவுக்கு முன்னர் ஒரு செயல்முறை விளக்கத்துக்கு ஏற்பாடு செய்வார்களாயின் பெரும் பயன் விளையும். மாவும் உப்பும் தண்ணீரும் எல்லார் வீட்டிலும் உள்ளன. பொறுமை ஒன்றையே நாம் புதிதாகச் சேர்க்க வேண்டும், அதற்கு விலையில்லை.