கலப்பினக் கெண்டையும் சுரப்பிப் புரதமும்

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகள் குளத்தில் நன்கு வளர்ந்து சினை கொண்டபோதிலும், தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஆகவே வெள்ளக் காலத்தில் ஆற்றிலிருந்தே குஞ்சுகளைத் திரட்ட வேண்டியிருந்தது. வேண்டாத மீன்களும் அவற்றுடன் கலந்து வந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌதரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இக்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அச்சாற்றின் ஆற்றல் புரதத்தில் உள்ளது. பிட்யூட்டரி, இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் இரு புரத ஹார்மோன்களைச் சுரக்கிறது. முதலாவது தூண்டுவதால் சினைப்பையில் ஈஸ்ட்ரடயால் உண்டாகிறது. அது இரத்த வழியே கல்லீரலை அடைந்து, விட்டலோஜெனின் என்னும் மற்றொரு புரதத்தை உற்பத்தி செய்விக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவுக்கு மூலப்பொருள் இதுவே. இரண்டாவது ஹார்மோன் வளர்ந்த முட்டையை முதிர்வித்து வெளிப்படுத்துகிறது. குளத்து மீனில் முதல் வேலை நிறைவேறுகிறது. இரண்டாவதற்கு வேண்டிய ஹார்மோன் மட்டும் போதிய அளவு வெளிவருவதில்லை. ஊசி ஈடுசெய்வது இக்குறையையே. எனவே சினை நிரம்பாத மீனுக்கு ஊசியிடுவது சுரப்பியை வீணாக்குவதாகும். டில்லியிலும் சென்னையிலும் சந்தையில் கிடைக்கும் ரோகுவின் தலையொன்றை வாங்கி, மண்டையோட்டின் மேற்பகுதியை நீக்கி மூளையை மெல்ல அகற்றினால், அடியில் மெல்லிய சவ்வின் கீழ் இச்சிறு சுரப்பியை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம்.

ஒரு கெண்டையின் சுரப்பி மற்றொரு கெண்டை இனத்தையும் தூண்டும். விரும்பிய காலத்தில் இரு இனங்களை ஒருங்கே முதிரச் செய்ய முடிந்ததால், இனக்கலப்பும் எளிதாயிற்று. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பிறந்த மீன் கட்லாவைவிடச் சிறிய தலையும், ரோகுவைவிட விரைந்த வளர்ச்சியும் உடையது. கோவேறு கழுதையைப்போல் இதுவும் மலடாயிருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பெற்றோர் இருவருக்கும் குரோமோசோம்கள் 50. அவை கலப்பினத்தில் இணைசேர்ந்து முறையாகப் பிரிவதால் முட்டையும் விந்தும் உருவாகின்றன. புல் கெண்டைக்கும் பெருந்தலைக் கெண்டைக்கும் பிறப்பனவற்றில் பலவற்றின் நிலை வேறு. பெற்றோருக்கு 48 இருக்க, அவற்றில் மும்மடங்குத் தொகுதியாக 72 குரோமோசோம்கள் அமைகின்றன, அவை மலடாகின்றன. அவற்றுக்கு எவ்வளவு சாறு செலுத்தினும் பயனில்லை. ஹார்மோன் கட்டளையிடுமேயன்றி, முறையாகப் பிரிய இயலாத உயிரணுவைப் பிரிக்காது.

இங்குதான் களப்பணியாளரின் பொறுப்பு எழுகிறது. மீன்களில் கருவுறுதல் நீரிலேயே நிகழ்வதால், பல இனங்களுக்கு ஒரே நாளில் ஊசியிட்டு ஒரே தொட்டியில் விட்டால் கலப்பு தானே நேரும். அக்குஞ்சுகள் வளர்ந்து தாய்மீன்களாகி, மீண்டும் தூய இனத்துடன் கலக்கும். வெள்ளத்தில் ஆற்றுக்குத் தப்பியவற்றைத் திரும்பப் பிடிக்கவும் இயலாது. தொட்டிக்கு ஓர் இனம் என்பதே பாதுகாப்பான முறை. தாய்மீனைத் தேரும்போது வாயைப் பார்த்தல் வேண்டும். ரோகுவின் உதடு குஞ்சம்போன்ற ஓரமுடையது. கட்லாவின் வாய் மேல்நோக்கியது, மீசையற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட தலையும் வாயும் உடைய மீனை விலக்கிவிடலாம். ஆயின் ஓரிரு தலைமுறை மறுகலப்புக்குப் பின் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது, டி.என்.ஏ. சோதனையே அதனைக் காட்டும்.