ஜீப்பில் என்ன சத்தம்?

அந்தமானில் ஜீப் ஓட்டுபவருக்குக் கண் மட்டும் போதாது. காதும் வேண்டும்.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து திக்லிப்பூர் வரை ஒரு நீண்ட சாலை போகிறது. அதுதான் அந்தமான் டிரங்க் ரோடு. ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளம். (போர்ட் பிளேர் நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஜரவா மக்களின் காடு. அங்கே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. அந்த இடத்தில் வண்டி பழுதாகி நின்றால் எவ்வளவு தொல்லை!

இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளூர்க் கடையில் இல்லாத பாகம் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் பயணமே ஏறத்தாழ மூன்று நாள். தப்பான பாகத்தை வரவழைத்துவிட்டால்? பணமும் போகும். நாளும் போகும். அதனால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று முதலில் சரியாகத் தெரிய வேண்டும்.

ஓர் ஓட்டுநர் பட்டறைக்குப் போகிறார்.

"அண்ணே, வண்டிக்கு அடியில ஏதோ சத்தம் வருது."

"எங்கேன்னு நான் கேக்கல தம்பி. எப்போ வருதுன்னு சொல்லு."

மெக்கானிக் கேட்டது சரியான கேள்வி. சத்தம் இரும்பில் பரவும். பின்னால் பிறக்கும் சத்தம் முன்னால் கேட்கும். 'எங்கே' என்று தேடினால் காது ஏமாற்றும். 'எப்போது' என்பது ஏமாற்றாது.

கட்டட வேலையில் செங்கல்லைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்பிலும் அப்படித்தான். எஞ்சினின் விசை கிளட்சுக்குப் போகிறது. பிறகு கியர் பாக்ஸ். அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். இதுதான் விசையைப் பின் சக்கரங்களுக்கு மட்டும் அனுப்பும், அல்லது நான்கு சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும். அங்கிருந்து முன்னே ஒரு ஷாஃப்ட், பின்னே ஒரு ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்டின் முனையிலும் யூ.ஜே. கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு. ஷாஃப்ட் போய்ச் சேரும் உருண்டைப் பெட்டி டிஃபரன்ஷியல். கடைசியில் ஆக்சில், பேரிங், சக்கரம்.

இனி சோதனை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓட விடுங்கள். சத்தம் வருகிறதா? கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நின்ற இடத்தில் சத்தமே இல்லை, ஓடினால்தான் வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஷாஃப்டிலோ அதற்குப் பின்னாலோ இருக்கும்.

வண்டி கிளம்பும்போது 'டங்' என்று ஓர் அடி. ரிவர்ஸ் போட்டால் மறுபடியும் 'டங்'. இது பெரும்பாலும் தேய்ந்துபோன யூ.ஜே. கிராஸ். மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று தாளம் போட்டாற்போல் வந்தால் கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சேறும் தண்ணீரும் கிரீஸைக் கழுவிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மூட்டு ஆடக் கூடாது. கிராஸின் மூடிகளைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி இருந்தால் அது உலர்ந்து தேய்கிறது என்று பொருள். இந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காததுபோல் பலர் ஓட்டுகிறார்கள். மூட்டு முறிந்தால் ஷாஃப்ட் கழன்று தரையில் அடிக்கும். பிரேக் குழாயையும் உடைக்கலாம்.

வண்டிக்கு அடியில் போகும் முன் இதைப் படியுங்கள். சில பழைய ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னே போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் அந்தச் சக்கரம் சுழல முடியும். உடனே கைபிரேக்கின் பிடி போய்விடும், ஜீப் உருளும். அந்த ஷாஃப்டைக் கழற்றினாலும் அதே கதிதான். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தாங்குகட்டை கொடுங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஊ...' என்று ஊளை. காலை எடுத்தால் அது அடங்குகிறது, அல்லது வேறு குரலில் வருகிறது. டிஃபரன்ஷியலுக்குள் பல்சக்கரமோ அதன் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். முதலில் ஆயிலைப் பாருங்கள். ஓடி வந்த சூட்டோடு வண்டியை ஓடைக்குள் இறக்கினால், பெட்டி சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்றுத்துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்போது ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். அந்த ஆயிலை வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன ஆயிலை ஊற்ற வேண்டும். ஆயிலில் இரும்புத் துண்டு கிடந்தால் பெட்டியைத் திறக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது.

நான்கு சக்கர இயக்கத்தில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பாகமும் கெடாமலே சத்தம் வரும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடுகின்றன, பின் சக்கரங்கள் குறைந்த தூரம். பழைய ஜீப், ஜிப்சி போன்ற வண்டிகளில் நான்கு சக்கர லிவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடம் இல்லை. அதனால் ஸ்டியரிங் கனக்கும். வண்டி முனகும், விட்டுவிட்டுக் குலுங்கும். அப்போது பாகம் எதுவும் மாற்ற வேண்டாம். லிவரை இரு சக்கரத்துக்கு மாற்றுங்கள். லிவர் இறுகி வர மறுத்தால் வண்டியைச் சில அடி பின்னே எடுங்கள், வந்துவிடும். காட்டுப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் லிவரை மாற்ற மறப்பவர்கள் நிறையப் பேர். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் நல்ல பாகமும் கெட்டுவிடும்.

டயர் சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் பிரித்து அறிவது சற்றுக் கடினம். சேற்று டயரின் பெரிய கட்டைகள் தார்ச்சாலையில் 'ம்ம்ம்' என்று இரையும். மண் சாலைக்கு இறங்கினால் அந்தக் குரல் மாறும். பேரிங் சத்தம் எந்தச் சாலையிலும் அவ்வளவாக மாறாது. வண்டி திரும்பும்போதுதான் மாறும். இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கச் சக்கரங்களில் இறங்கும். கெட்ட பேரிங் பாரம் ஏறும்போது அதிகமாகக் கத்தும்.

திடீரென்று 'கிறீச்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். பிரேக் டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். வண்டி நடுங்கினால் ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள்.

பயிற்சி

ஒரு ஜீப் தார்ச்சாலையில் ஓடுகிறது. லிவர் இரு சக்கரத்தில் இருக்கிறது. வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடுகிறது. காலை எடுத்தாலும் நிற்கவில்லை. மண் சாலையிலும் அதே இரைச்சல். வலப்பக்கம் திரும்பினால் அதிகமாகிறது. இடப்பக்கம் திரும்பினால் குறைகிறது. கோளாறு எங்கே?

விடை: இடப்பக்கச் சக்கரம் ஒன்றின் பேரிங். முன்னா, பின்னா என்று அறிய ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் வழவழவென்று சுற்றும். கெட்டது கரகரக்கும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடவும் செய்யும்.