கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றலாம்?

கேம் திக்கித் திணறினால் உடனே புதுக் கார்டு வாங்க ஓடாதீர்கள். கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாறு போன்ற இடிமழைப் பகுதியில் இருப்பவர்கள் கடைசிக் குறிப்பையும் கவனிக்க வேண்டும்.

● முதலில் தூசியைத் துடைத்து, டிரைவரைப் புதுப்பியுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரக்கூடும்.

● விளையாடும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மாற்றலாம். 60 சதவீதத்தில் நின்றும் கேம் திணறினால், பெரும்பாலும் பிராசஸர்தான் காரணம்.

● 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 பிரேம்தான் காட்டும். அந்த வேகம் ஏற்கெனவே கிடைத்தால் செலவு வேண்டாம்.

● பவர் சப்ளையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்தான். மீதிக்குத் தனி ஒயர் தேவை.

● கேபினட்டுக்குள் கார்டுக்கு இருக்கும் இடத்தின் நீளத்தை அளந்தபிறகே வாங்குங்கள்.

● பழைய கார்டு வாங்கினால், அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். பில், வாரன்ட்டி கேளுங்கள்.

● மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

● சித்திரை, ஐப்பசி இடிமழையில் சுவிட்சை அணைத்தால் போதாது. இடி நெருங்கும் முன்பே மின் பிளக், இன்டர்நெட் கேபிள் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.