பத்திரத்தில் எழுதினால் தீர்ந்துவிடுமா?
விவாகரத்து வழக்கு: எங்கே, எப்படி, எத்தனை நாள்?



நம்ம கரிசக்காட்டுப் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்கள்தான் கூடுவார்கள். இரண்டு பக்கமும் பேசி, கடைசியில் 20 ரூபாய் பத்திரம் ஒன்று வாங்கி, "இனிமேல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நாலு சாட்சியும் போட்டு, "தீர்த்து விட்டாச்சு" என்று கலைந்து போவார்கள். நகையில் கொஞ்சம், பாத்திரம் பண்டத்தில் கொஞ்சம் திரும்பி வரும். அந்தப் பத்திரத்தைக் குழு பாஸ்புக்கோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிற அக்கா தங்கச்சிகள் நம்மில் உண்டு.

அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. நோட்டரி முத்திரை போட்டிருந்தாலும் ஆகாது. மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் சமாதானக் கடிதமும் ஆகாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கோர்ட் கொடுக்கும் தீர்ப்புதான் விவாகரத்து. (நம்ம சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்னால் 1949-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. நமக்கு இது புதுச் சரக்கு இல்லை.) சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதற்கு அந்தச் சட்டத்தின் 29-வது பிரிவில் இடம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்று சொல்கிறவர்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கூண்டில் ஏறிச் சொல்ல அந்தப் பெரியவர்கள் இருப்பார்களா?

பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. முதல் கணவர் நினைத்தால் வழக்கும் போடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் இதற்கு 7 ஆண்டு வரை சிறை. ஆணுக்கும் இதே சட்டம்தான். அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போயிருந்தால், சட்டத்தின் கண்ணில் இன்றைக்கும் மனைவி நீங்கள்தான். வாரிசு உரிமையும் உங்களுடையது. பத்திரத்தில் "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் கோர்ட்டில் கேட்கலாம். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 16-வது பிரிவு அவர்களைச் சட்டப்படியான பிள்ளைகள் என்றே சொல்கிறது.

எங்கே போவது?

முன்பெல்லாம் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், அவர் இருக்கும் ஊர் என்று அலைய வேண்டியிருந்தது. 2003-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மனைவி இப்போது இருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். அவர் திருப்பூரில் இருக்கட்டும், நீங்கள் கோவில்பட்டி பக்கம் தாய் வீட்டில் இருந்தால் கோவில்பட்டி சார்பு நீதிமன்றத்தில் போடலாம். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது, யாருடைய தயவும் இல்லை. கோவில்பட்டி கோர்ட்டில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் பண்ணுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, சீர் கொடுத்த பட்டியல் எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள்.

இருவரும் சம்மதித்தால்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் பொதுவாக மனுப் போட முடியாது. இரண்டு பேரும் மனம் ஒத்துப் பிரிவதாக இருந்தால் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேர்ந்து மனுப் போட்டு முதல் வாக்குமூலம் கொடுத்த பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். புரட்டாசியில் போட்டால் பங்குனி. உளுந்து விதைச்சு, எடுத்து, வித்தும் முடிஞ்சிரும். அதன் பிறகு, மனுப் போட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சொன்னால் தீர்ப்பு. மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம். இது 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் "எனக்குச் சம்மதமில்லை" என்று பின்வாங்கலாம். ஆகவே பணம், நகை, பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் மனுவிலேயே எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். மீதிப் பணத்தைக் கடைசி வாக்குமூலத்தன்று கோர்ட்டில் வைத்தே டி.டி.யாக வாங்குவது நல்லது. "அப்புறம் தாரேன்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒருவர் மறுத்தால்

அப்போது காரணம் காட்ட வேண்டும். அடி உதை, மனதை வதைக்கும் கொடுமை, வேறு தொடுப்பு, இரண்டு வருஷமாகக் கைவிட்டுப் போனது போன்றவை. ஏழு வருஷமாக ஆள் இருக்கிறாரா என்றே தகவல் இல்லை என்றால் அதுவும் காரணம். மனுவுக்கு நம்பர் விழும், எதிராளிக்குச் சம்மன் போகும், அவர் பதில் போடுவார், சமரச மையத்துக்கு அனுப்புவார்கள், பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு. சம்மன் சேர்ந்த ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இரண்டு, மூன்று வருஷம் ஆவது சாதாரணம். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது.

ஆனால் அதுவரை பட்டினி கிடக்கத் தேவையில்லை. 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 60 நாளில் முடிவு செய்யப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. "நீதான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் சம்பாதிக்கிறியே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வேலைக்குப் போவதால் மட்டும் உரிமை போகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம் நமக்கே. விவாகரத்தே வேண்டாம், அடியிலிருந்து பாதுகாப்பும் தங்க இடமும் போதும் என்பவர்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவசரத்துக்கு 181.

சம்மன் வந்தால்

இது முக்கியம். கோர்ட் அமீனாவோ தபால்காரரோ வந்தால் பயந்து கதவைச் சாத்துவதும், "ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்புவதும் நம் ஊர்களில் நடக்கிறது. வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. நீங்கள் வராமலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகி, அவர் மறுமணத்துக்கு நாள் பார்த்துவிடுவார். வாங்குங்கள், தேதியைப் பாருங்கள், அந்தத் தேதிக்குப் போங்கள். ஏற்கெனவே அப்படித் தீர்ப்பாகியிருந்தால் 30 நாளுக்குள் ரத்து செய்ய மனுப் போட வேண்டும். சம்மன் முறையாக வரவே இல்லை என்றால், உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள்.

கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். சம்மதத்தோடு பிரிவது அதில் 2001-ல்தான் சேர்ந்தது. இரண்டு வருஷப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது 2017 தீர்ப்பாலும் 2019 சட்டத்தாலும் செல்லாது. குலா கேட்கும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் ஷரியத் கவுன்சில் தரும் சான்று செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்ம ஊர் பத்திரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாளே மாலை மாற்ற முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. அது கழிந்து, யாரும் மேல்முறையீடு போடவில்லை என்றால்தான் மறுமணம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனுப் போட்டு வாங்கி, இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.