பென்சிலைக் கண்டாலே அழுகிறான்!

கேள்வி: என் மகனுக்கு ஐந்தே கால் வயது. பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். காலை ஒன்பதரைக்கு மேசையில் உட்காரவைத்து 'அ' எழுதச் சொன்னால் பென்சிலைத் தூக்கி எறிகிறான், அழுகிறான். கதை என்றால் மட்டும் எவ்வளவு நேரமானாலும் கேட்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளை யு.கே.ஜி.யில் உயிரெழுத்து முழுக்க எழுதுகிறதாம். மாமியார் அதையே சொல்லிக்காட்டுகிறார். எப்படித்தான் பழக்குவது?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த ஒன்பதரை மணி மேசையைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே டீச்சர் சமாளிக்க வேண்டிய இடத்தில்தான் மணியும் பெஞ்சும் தேவை.

'அ' லேசான எழுத்தல்ல. சுழித்து, வளைத்து, கோடு இழுத்து முடிக்க வேண்டும். ஐந்து வயது விரலுக்கு அது பெரும்பாடு. ட, ப, ம என்று தொடங்குங்கள். 'ட'வுக்கு இரண்டே கோடு, 'ப'வுக்கு மூன்று. புள்ளியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடுவான். பன்னிரண்டு உயிரெழுத்தும் தெரிந்த பிள்ளைக்கு ஈயையும் ஆவையும் விட்டால் வாசிக்கப் பெரிதாக என்ன இருக்கிறது?

பென்சில் இப்போது வேண்டாம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமிக்குச் செய்கிறோமே, அதேதான். நாம்தான் அன்றோடு நிறுத்திவிடுகிறோம். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டித் தடவவைப்பது மாண்டிசோரி முறை. 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. விரல் தேற, சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். பத்து நிமிடம் போதும். 'இன்னொண்ணு' என்று அவன் கேட்கும்போதே தட்டை எடுத்துவையுங்கள்.

கதை கேட்கிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவனை ஒரு கதை சொல்லச் சொல்லி, அவன் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'நாய் ஓடிப்போச்சு' என்றால் அப்படியே. மறுநாள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துக்காட்டுங்கள். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று புரிந்த பிள்ளை, 'நாய் எங்கே இருக்கு?' என்று தானே தேடும்.

பொருளைப் பிடிக்கவே விரல் தடுமாறினால், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மாமியாருக்கு ஒரு செய்தி: 2020 தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், ஆனால் 3 முதல் 8 வயது வரையை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டுவழிக் கற்றலைத்தான் அதுவும் சொல்கிறது. அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாலையில் பேரனோடு பல்லாங்குழி ஆடட்டும். கூட்டல் கழித்தலை அவர் பார்த்துக்கொள்வார்.